"நீ என்ன எழுதின?" – ஓர் அமெரிக்க வரலாற்றுத் தேர்வும் அதன் விடைக்குறிப்பும்

தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர்கள் செய்கிற முதல் வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான். "அந்தக் கேள்விக்கு நீ என்ன எழுதின?" ஒருவர் சொன்ன விடையைக் கேட்டு இன்னொருவர் முகம் மாறும். மூன்றாவது ஆள் வந்து இரண்டுமே தப்பு என்பார்.

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இப்படி வெளியே வருகிறார்கள். அவர்கள் எழுதுவது 'ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி' என்ற தேர்வு. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதுவது. 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு நடத்துகிறது. மூன்றேகால் மணி நேரம். 55 கொள்குறி வினாக்கள், 3 குறுவிடைகள், ஒரு நீண்ட கட்டுரை. இவற்றோடு ஆவணங்களை வைத்து எழுதும் ஒரு கட்டுரையும் உண்டு. அதில் ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு வாதம் செய்யச் சொல்வார்கள். இறுதி மதிப்பெண் 1 முதல் 5 வரை.

இந்தத் தேர்வைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? 'சரியான விடை' என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்காக அந்த நாட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை நடந்து வருகிறது. அந்தச் சண்டையில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம் நின்றார்கள். அவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் மறுபக்கம் நின்றார்கள். பாடப்புத்தகத்தில் தன் ஊர்ச் சேரியைத் தேடிப் பார்த்து ஏமாந்த எவருக்கும் இது தூரத்துக் கதை இல்லை.

ஒரே கேள்வி, மூன்று காலத்து விடைகள்

1996ஆம் ஆண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. 1860 முதல் 1877 வரை அமெரிக்காவில் நடந்த அரசியலமைப்பு மாற்றங்களும் சமூக மாற்றங்களும் எந்த அளவுக்கு ஒரு புரட்சி என்று சொல்லத்தக்கவை? கேள்வியின் சாரம் இதுதான்.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தந்தது. 1870இல் 15ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைக் காத்தது. நேற்றுவரை விற்கவும் வாங்கவும் பட்ட மனிதர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். 1,500க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அரசுப் பதவிகளில் அமர்ந்தார்கள். 16 பேர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார்கள். தென் மாநிலங்களில் எல்லாருக்குமான பொதுப்பள்ளி பரவலாக வந்தது அந்தக் காலத்தில்தான். 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்', அதாவது மறுகட்டமைப்புக் காலம் என்று அதற்குப் பெயர். 1877இல் அதிபர் தேர்தல் தகராறைத் தீர்க்க இரு கட்சிகளும் பேரம் பேசின. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் காத்து நின்ற படை விலகியது. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

இதே கேள்வியை 1910இல் ஒரு மாணவனிடம் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பான்? வாக்குரிமையைத் தகுதியில்லாதவர்களிடம் கொடுத்தது பெரும் தவறு, அதனால் ஊழல் பெருகியது, வெள்ளையர்கள் ஆட்சியை மீட்டபின் ஒழுங்கு திரும்பியது. இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இந்த விடையை நூல் நூலாக எழுதி வைத்திருந்தார்கள். 'டன்னிங் பள்ளி' என்றே வரலாற்றுத் துறையில் அதற்குப் பெயர். அங்கிருந்து பாடப்புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் இறங்கியது. கு க்ளக்ஸ் கிளானை மீட்பர்களாகக் காட்டிய 'பர்த் ஆஃப் எ நேஷன்' படம் 1915இல் வந்தது. வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் கொலம்பியாவில் படித்துக்கொண்டிருந்த ஒருவரை நமக்குத் தெரியும். 1913 முதல் 1916 வரை பாபாசாகேப் அம்பேத்கர் அந்த வளாகத்தில்தான் இருந்தார். அடிமைகளாக இருந்தவர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று ஒரு பேராசிரியர் நிறுவி வைத்திருந்த அதே பல்கலைக்கழகத்தில், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு மாணவர் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாற்று விடையை எழுதியவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1909இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் கூட்டத்தில், மறுகட்டமைப்புக் காலத்தால் விளைந்த நன்மைகளைப் பற்றி அவர் கட்டுரை வாசித்தார். பொதுப்பள்ளி, சனநாயக அரசு, புதிய சமூகச் சட்டங்கள் ஆகியவற்றை அந்தக் காலத்தின் கொடையாகப் பட்டியலிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரை சங்கத்தின் இதழில் அச்சானது. அச்சாகும்போது அவர் ஒன்று கேட்டார். 'நீக்ரோ' என்ற சொல்லின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகப் போடுங்கள், மற்ற இனத்தாரின் பெயர்களை அப்படித்தானே எழுதுகிறீர்கள் என்றார். ஆசிரியர் மறுத்துவிட்டார். ஓர் எழுத்தளவு மரியாதைக்கே அவ்வளவு தடை.

1935இல் 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பெருநூலை டுபாய்ஸ் வெளியிட்டார். அதன் கடைசி அத்தியாயத்தில் அவர் செய்ததுதான் நம் கட்டுரைக்குத் தலைப்பு. அன்றைய பாடப்புத்தகங்களை எடுத்து வைத்து விடைகளை ஒப்பிட்டார். கறுப்பினத்தவர் எல்லாரும் அறியாதவர்கள், எல்லாரும் சோம்பேறிகள், ஊதாரிகள், நேர்மையற்றவர்கள், கெட்ட ஆட்சிக்கு அவர்களே காரணம். இந்த மூன்றையும்தான் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வரலாறு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் எனக் காட்டினார். 1910இல் அவர் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ், இந்த நூலுக்கு அன்று ஒரு மதிப்புரைகூட வெளியிடவில்லை. 1935இல் ஒரு மாணவன் டுபாய்ஸ் சொன்னதை எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது.

1996க்கு வருவோம். இப்போது டன்னிங்கின் விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. 1988இல் எரிக் ஃபோனர் எழுதிய நூல், மறுகட்டமைப்பை முடிவடையாத புரட்சி என்றது. அவரும் கொலம்பியாப் பேராசிரியர்தான். டுபாய்ஸ் எழுதியது அதற்குள் விடைக்குறிப்புக்குள் வந்துவிட்டது.

நடுவில் என்ன நடந்தது? புதைந்துகிடந்த ஏதோ ஒரு சான்று திடீரென்று கிடைத்துவிடவில்லை. டுபாய்ஸ் பயன்படுத்திய அரசு அறிக்கைகளும் நாடாளுமன்றப் பதிவுகளும் டன்னிங்குக்கும் கிடைத்தவைதான். நடுவில் நடந்தது குடியுரிமைப் போராட்டம். மாண்ட்காமரியில் பேருந்தைப் புறக்கணித்தவர்களும் செல்மா பாலத்தில் அடிவாங்கியவர்களும் ஒரு கேள்வித்தாளின் விடையையும் சேர்த்தே மாற்றினார்கள்.

நாமே ஒரு வினாத்தாள் தயாரிப்போம்

இந்தத் தேர்வில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஆவணத்தைக் கொடுத்தால் அதிலுள்ளதை அப்படியே எடுத்து எழுதினால் போதாது. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதற்காகச் சொன்னது, எந்தச் சூழலில் சொன்னது என்று கேட்க வேண்டும். இந்த நான்கு கேள்விகளும் நமக்குப் பயன்படும். மூன்று ஆவணங்களை வைத்துப் பழகிப் பார்ப்போம்.

முதல் ஆவணம், 1865 அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் விடுதலை பெற்ற அடிமைகள் எழுதிய மனு. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஓர் ஆணை போட்டிருந்தார். கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை பிரித்துக் கொடுக்கச் சொன்ன ஆணை அது. சுமார் 40,000 பேர் குடியேறி உழுதார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதைச் சொல்வதற்காக ஜெனரல் ஹோவர்ட் தீவுக்கு வந்தார். பழைய எசமானர்களை மன்னித்துவிட்டு அவர்களிடமே கூலிக்குப் போங்கள் என்பதுதான் அவர் கொண்டுவந்த செய்தி. மக்கள் மறுத்தார்கள். ஒரு குழு அமைத்து எழுத்தில் பதில் கொடுத்தார்கள். மரத்தில் கட்டி வைத்து 39 கசையடி கொடுத்தவனை, தாயையும் தங்கையையும் சவுக்கால் அடித்தவனை, தன் நிலத்தில் தன் கூலிக்கு வேலை செய்தால்தான் காலிக் குடிசையில் இருக்க விடுவேன் என்பவனை எப்படி மன்னிப்பது என்று கேட்டார்கள். எங்களை நிலமற்றவர்களாகவே வைத்திருக்கப் பார்க்கும் அவன் எங்களை மன்னித்துவிட்டது போலவா தெரிகிறது என்றும் கேட்டார்கள்.

யார் சொன்னது? நேற்றுவரை எழுத்தறிவே மறுக்கப்பட்டவர்கள். யாருக்கு? ஆட்சியில் இருப்பவர்களுக்கு. எதற்காக? நிலத்துக்காக. அறியாதவர்கள், ஆளத் தகுதியற்றவர்கள் என்று டன்னிங் பள்ளி சொன்னது இவர்களைத்தான். நிலமில்லாத விடுதலை பழைய அடிமைத்தனத்துக்கே திரும்பும் வழி என்பதை நாட்டின் அதிபரைவிடத் தெளிவாக அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். பஞ்சமி நிலத்துக்காக ஒரு மனுவாவது எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த ஆவணத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

இரண்டாவது ஆவணம் இரண்டே எண்கள். லூசியானா மாநிலத்தில் 1896இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334. 1904இல் 1,342. எட்டு ஆண்டில் இத்தனை பேர் எங்கே போனார்கள்? ஒரு தேர்வு வைத்தார்கள். 1890இல் மிசிசிப்பி தொடங்கி வைத்த வழி அது. அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் பொருள் சொல்ல வேண்டும். எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுப்பவர் வெள்ளை அதிகாரி. சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்பவரும் அவரே. எழுத்தறியாத வெள்ளையர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று லூசியானா 1898இல் இன்னொரு விதி சேர்த்தது. 1867 ஜனவரி 1க்கு முன் தந்தையோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால் தேர்வு வேண்டாம். அன்றைக்கு எந்தக் கறுப்பினப் பாட்டனுக்கு அங்கே வாக்கு இருந்தது? இந்த மோசடித் தேர்வுகளை முடக்க 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

'தகுதி', 'திறமை' என்ற சொற்களை யாராவது உச்சரித்தால் இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுங்கள். தேர்வு என்பது எப்போதும் அறிவை அளப்பதற்காக வைக்கப்படுவதில்லை. சில தேர்வுகளுக்கு முடிவை முதலில் எழுதிவிட்டு, கேள்வியைப் பிறகு எழுதுகிறார்கள்.

மூன்றாவது ஆவணம் ஒரு பலகை. 1950இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் மாநில அரசு நட்டது. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே 'கலவரம்' நடந்ததாகவும், மூன்று வெள்ளையரும் 150 கறுப்பினத்தவரும் இறந்ததாகவும், தெற்கில் நடந்த கேடுகெட்ட ஆட்சிக்கு அது முடிவு கட்டியதாகவும் அந்தப் பலகை சொன்னது. உண்மையில் நடந்தது என்ன? தேர்தலில் வந்த அரசைக் காக்க நீதிமன்றக் கட்டடத்தில் கூடியிருந்த கறுப்பின மக்களை, பீரங்கியோடு வந்த வெள்ளைக் கும்பல் தாக்கியது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. 97 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதையும் 1876இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 14ஆவது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. அந்தப் பலகை 2021 மே மாதம்வரை நின்றது.

இரண்டு தரப்பும் மோதினால்தான் கலவரம். ஒரு தரப்பு கொன்று இன்னொரு தரப்பு செத்தால் அதன் பெயர் படுகொலை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றதைக் 'கூலித் தகராறு' என்று எழுதியவர்களை நமக்குத் தெரியும்.

அதே 1873இல் புனேயில் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அடிமைமுறையை ஒழிக்கத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் சூத்திரச் சகோதரர்களை விடுவிக்க அந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்பினார். நான்கு ஆண்டில் அந்த விடுதலை காட்டிக்கொடுக்கப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒடுக்கப்பட்டவரின் விடுதலை எங்கே நடந்தாலும் அது நம் பாடம் என்பதை அவர் முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்.

விடைக்குறிப்பை எழுதுவதற்கான சண்டை

டன்னிங்கின் விடை தானாக ஐம்பது ஆண்டு நின்றுவிடவில்லை. தெற்கின் படைவீரர்களுடைய வழிவந்த பெண்களின் சங்கத்தில் வரலாற்றுப் பொறுப்பு வகித்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட், 1919 வாக்கில் ஒரு சிறுநூல் எழுதினார். பாடப்புத்தகங்களை அளக்க ஓர் அளவுகோல் என்பது அதன் தலைப்பின் பொருள். அடிமைகளை வைத்துக்கொள்ளவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் புத்தகத்தை நிராகரியுங்கள், அடிமை முதலாளிகளைக் கொடியவர் என்று சொல்லும் புத்தகத்தை நிராகரியுங்கள் என்று அது வழிகாட்டியது. அப்படிப்பட்ட நூல் நூலகத்தில் இருந்தால், தெற்குக்கு அநீதி செய்யும் நூல் என்று தலைப்புப் பக்கத்தில் எழுதி வைக்கவும் சொன்னது.

இதைப் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2014இல் இதே ஏ.பி. தேர்வுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. பூர்வகுடிகள் மீதான வன்முறையும் அடிமைமுறையும் அதில் கூடுதலாகப் பேசப்பட்டன. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கண்டனத் தீர்மானம் போட்டது. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுண்டியில் பள்ளி வாரியத்துக்கு ஒரு முன்மொழிவு வந்தது. பாடங்கள் தேசபக்தியையும் அதிகாரத்துக்கு மரியாதையையும் வளர்க்க வேண்டும், சட்டமீறலை ஊக்குவிக்கக் கூடாது என்றது. தேநீர் மூட்டைகளைக் கடலில் கொட்டிய சட்டமீறலில் தொடங்கிய நாடு அது! அந்தச் செப்டம்பரில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து சாலையோரம் நின்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

வெற்றி என்று சொல்லி முடித்துவிட முடியாது. 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா சட்டமன்றக் குழு ஒன்று இந்தப் பாடத்துக்கு நிதியையே நிறுத்த வாக்களித்தது. எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். ஆனால் அந்த ஜூலையில் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிட்டபோது எதிர்ப்பாளர்கள் கேட்ட சில சொற்கள் உள்ளே வந்திருந்தன. 2023 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலம் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் என்ற புதிய ஏ.பி. பாடத்தையே மறுத்தது. அடுத்த மாதம் வெளியான பாடத்திட்டத்தில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' போன்ற தலைப்புகள் கட்டாயப் பகுதியில் இல்லை. தேர்வு நடத்தும் அமைப்பு நடுநிலையான தராசு இல்லை. எந்தப் பக்கம் அழுத்துகிறார்களோ அந்தப் பக்கம் சாயும்.

நம் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது

இந்தச் சண்டை நம்மை நேரடியாகவும் தொட்டது. கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பண்டைய இந்தியாவைப் படிக்கிறார்கள். 2005இல் அங்குள்ள இந்து அமைப்புகள் அந்தப் புத்தகங்களில் திருத்தங்கள் கேட்டன. சாதி, பெண்களின் நிலை பற்றிய பகுதிகளை மென்மையாக்குவதும் அவற்றில் அடக்கம். தலித் அமைப்புகளும் வரலாற்று அறிஞர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2006 மார்ச்சில் மாநிலக் கல்வி வாரியம் சர்ச்சைக்குரிய திருத்தங்கள் பலவற்றை ஏற்க மறுத்தது. பத்தாண்டு கழித்து 2016இல் அதே சண்டை மறுபடியும் வந்தது. தலித் பெண்களும் மாணவர்களும் வரிசையில் நின்று, ஆளுக்குக் கிடைத்த சில நொடிகளில் வாரியத்தின் முன் பேசினார்கள்.

ரதர்ஃபோர்டின் அளவுகோலையும் இந்தத் திருத்தப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒடுக்கியவரின் மனம் நோகும் என்பதற்காக ஒடுக்கப்பட்டவரின் கதையை வெட்டு என்பதுதான் இரண்டிலும் உள்ள கோரிக்கை.

1946 ஜூலையில் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியை அனுப்பக் கேட்டார். தீண்டப்படாதவர்களின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால், அதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, தேவையானதும்கூட என்று எழுதினார். அந்த மாத இறுதியிலேயே டுபாய்ஸ் பதில் போட்டார். உங்கள் பெயரை அறிவேன், இந்தியாவின் தீண்டப்படாதோர்பால் எனக்கு முழுப் பரிவு உண்டு என்றார். இரண்டு பெரும் படிப்பாளிகள் கடல் தாண்டித் தங்கள் விடைத்தாள்களை ஒப்பிட்டுக்கொண்டார்கள் என்றுதான் இந்தக் கடிதங்களை நாம் வாசிக்கிறோம்.

ஏ.பி. தேர்வில் ஒரு விதி இருக்கிறது. கொள்குறி வினாக்களைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது. பேசினால் மதிப்பெண்ணே ரத்தாகலாம். கேள்வி கசிந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. அந்த அளவில் நியாயம்தான். ஆனால் வரலாற்றுக்கு அந்த விதி பொருந்தாது.

ஆகவே தோழர்களே, உங்கள் பள்ளிப் புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். உங்கள் பாட்டி சொன்னதை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் ஊர்ப் பலகையையும், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையையும், நிலப் பதிவேட்டையும் சேர்த்து வையுங்கள். யார் சொன்னது, யாருக்கு, எதற்காக, எந்தச் சூழலில் என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். தேர்வில் மதிப்பெண்ணுக்கு எதை எழுத வேண்டுமோ அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மதிப்பெண்ணும் நமக்குத் தேவை. ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் பக்கத்தில் வருபவரிடம் கேளுங்கள்: "அந்தக் கேள்விக்கு நீ என்ன எழுதின? உண்மையில் என்ன எழுதியிருக்கணும்?"